அண்ணன் வீட்டில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

அன்பு உறவுகளே, நண்பர்களே,

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் சிலர் கைக்குட்டையைத் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தேட வேண்டாம். அழ வேண்டியதைப் போன வருடமே அழுது முடித்துவிட்டோம். இப்போது எங்கள் வீட்டில் இருப்பது நிம்மதி. இதை வெளியே சொன்னால் கல்நெஞ்சக்காரி என்பார்கள். சொல்லட்டும். அண்ணன் மனதில் ஒரு முள் தைத்திருந்தது. அது போவதற்குள் அவர் போய்விடுவாரோ என்று நாங்கள் பயந்துகொண்டே இருந்தோம். முள் முதலில் போனது, அண்ணன் பிறகுதான் போனார். அந்த நிம்மதியைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அண்ணன் மாநிலச் சட்டமன்றத்தில் இரண்டு தவணையும் நாடாளுமன்றத்தில் ஒரு தவணையும் இருந்தவர். அந்தக் காலம் முழுவதும் சிம்பாங் அம்பாட்டில் அவருடைய சேவை மையத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவள் நான், கடைசித் தங்கை. குடும்பத்தில் அவரோடு அதிகம் சண்டை போட்டவளும் நான்தான். "நீயே எழுதும்மா. மத்தவங்க எழுதுனா புகழ்ந்தே பக்கத்த முடிச்சிருவாங்க" என்று அண்ணி என் தலையில் இந்தப் பொறுப்பைக் கட்டிவிட்டார்.

அண்ணன் பிறந்தது ஜார்ஜ் டவுனில். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். அப்பா நெஞ்சுவலியில் திடீரென்று போனபோது அண்ணன் இடைநிலைப்பள்ளியை முடித்திருக்கவில்லை. கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். சைக்கிளோடு படகில் ஏறி அக்கரைக்குப் போவார், சைக்கிளோடு திரும்புவார். மழை நாளில் நனைந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்துவிட்டு, எங்கள் வீட்டுப் பாடத்தைப் பார்க்க உட்காருவார். தங்கைகள் எல்லாரும் படித்து வேலைக்குப் போனோம். அவர் மட்டும் அந்தத் தொழிற்சாலையிலேயே படிப்படியாக ஏறி மேற்பார்வையாளர் ஆனார். பிறகுதான் சிம்பாங் அம்பாட்டில் ஒரு வரிசை வீடு வாங்கிக் குடும்பத்தோடு பெயர்ந்தார்.

அண்ணன் பழைமையில் ஊறியவர். இதை நான் மறைக்கப் போவதில்லை, அவரும் மறைத்ததில்லை. நெற்றியில் திருநீறு இல்லாமல் குப்பைத்தொட்டியைக்கூட வெளியே வைக்க மாட்டார். கல்யாண விருந்தில் பாட்டில் வெளியே வருவதற்குள் மணமக்களை வாழ்த்திவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிற்காலத்தில் அவருக்குக் கண் மங்கியதும் அதே காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து, "மெதுவா போம்மா, மெதுவா" என்று என் உயிரை வாங்கினார்.

அவர் அரசியலுக்கு வந்த கதையே ஒரு பழைமைவாதியின் கதைதான். அப்போது கோயில் செயலாளராக இருந்தார். திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுக்கு ஒரு குழு குதித்துக்கொண்டிருந்தது. முடிக்கச் சொன்ன நேரம் தாண்டிவிட்டது. அண்ணன் பேசாமல் மேடைக்குப் பின்னால் போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டார். இளைஞர்கள் அவரை அடிக்க வந்தார்கள். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டிய தாய்மார்கள் அவருக்குப் பாதுகாப்பாகச் சுற்றி நின்றார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த கட்சிக்காரர் ஒருவர், "இந்த ஆளுக்குப் பொம்பளைங்க ஓட்டு அப்படியே விழும்" என்று மேலே போய்ச் சொன்னாராம். அடுத்த தேர்தலில் அண்ணன் வேட்பாளர்.

சட்டமன்றத்தில் அவர் ஆதரித்ததைவிட எதிர்த்ததுதான் அதிகம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மதுக்கடை வருவதை எதிர்த்தார். விடிய விடியத் திறந்திருக்கும் கடைகளை எதிர்த்தார். உறுப்பினர்களின் நாற்காலிகளை மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "இது நல்லாத்தானே இருக்கு" என்று தன் நாற்காலியை ஆட்டிக் காட்டி எதிர்த்தார். எதிர்வரிசையில் இருந்த ஒருவர் அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று கேலி செய்தார். அண்ணனுக்குக் கோபமே வரவில்லை. வெளியே வந்ததும் அவர் தோளில் கை போட்டுக் கேட்டார்: "பஞ்சாங்கம் பாக்காம ஒங்க வீட்டுல எந்தக் கல்யாணம் தம்பி நடந்துச்சி?"

சேவை மையத்துக்கு வருகிறவர்கள் அவரை, மாண்புமிகு என்பதற்கு மலாயில் சொல்வதுபோல, ஒய்.பி. என்றார்கள். கால்வாய் அடைப்பு என்று ஒருவர் வந்தால், முதலில் போய்க் கால்வாயைப் பார்ப்பார், பிறகுதான் நகராண்மைக்குப் போன் செய்வார். பல சமயம் போகிற இடத்திலேயே ஒரு கம்பை எடுத்துக் குத்தி அடைப்பை எடுத்துவிட்டு, சேறு அப்பிய காலோடு என் மேசைக்கு வந்து நிற்பார். நான் திட்டுவேன். "கூட்டிவிட்டா போச்சி" என்பார், கூட்டுவதும் நான்தான் என்பதை மறந்து.

தொகுதியில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் போய்விடுவார். மற்ற அரசியல்வாதிகள் மலர்வளையத்தில் இறந்தவர் பெயரைவிடப் பெரிதாகத் தங்கள் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். அண்ணன் வளையம் அனுப்ப மாட்டார். கூடாரத்தின் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உடலை எடுக்கும்வரை இருந்துவிட்டு வருவார். யாராவது மைக்கை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுவார். அவருக்கு விழுந்த ஓட்டுகளில் பாதி அந்தக் கடைசி வரிசையில் விழுந்தது என்பது என் கணிப்பு.

பிறகு கட்சி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அவருக்கு விருப்பமே இல்லை. கோலாலம்பூரில் வாடகை அறையில், கையோடு கொண்டுபோன சோற்றுப் பானையில் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, கூட்டம் முடிந்த அன்றே வடக்கே பேருந்து ஏறிவிடுவார். "அங்க எல்லாரும் பேசுறாங்கம்மா, கால்வாய்தான் எங்கேயும் காணோம்" என்பார்.

அந்தத் தவணையின் நடுவில்தான் நான் சொல்ல வந்த சம்பவம் நடந்தது.

ஆட்சி ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய பெரும்பான்மையில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை நம்பிக்கை வாக்கெடுப்பு. எங்கள் ஆளும் அணியிலிருந்து சிலரை எதிரணி இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் பெயரும் அந்தப் பட்டியலில் அடிபட்டது. நம் நாட்டில் கட்சி மாறுகிறவரைத் தவளை என்பார்கள், வெளிநாட்டு உறவுகளுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். அண்ணன் யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. ஆனால் எதிரணிக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. அந்த வழியின் பெயர் சம்பந்தி.

அண்ணன் மகள் கலாவைப் பிறையில் ஒரு நல்ல குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். கலாவின் மாமனார், எங்கள் சம்பந்தி, லாரிகள் வைத்துத் தொழில் செய்கிறவர். அவருடைய லாரிகளுக்கு வேலை கொடுத்தவர்களில் பலர் எதிரணியோடு நெருக்கமானவர்கள். அவர்கள் சம்பந்தியைப் பிடித்தார்கள். நீங்கள் தட்டோடு போய்க் கேட்டால் அவரால் மறுக்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அண்ணனை அவர்கள் சரியாகத்தான் எடை போட்டிருந்தார்கள். நாம் பெண் கொடுத்த வீட்டிலிருந்து மனிதர் வெற்றிலை, பழம், வேட்டி வைத்த தட்டோடு வந்து, உட்கார்ந்து, ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. தட்டை வாங்கினால் கேட்டதைக் கொடுத்ததாக அர்த்தம். வாங்க மறுத்தால் உறவையே மறுத்ததாக அர்த்தம். இன்றைய பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அண்ணனுக்கு இது சட்டமன்றத்தில் இயற்றிய எந்தச் சட்டத்தையும்விடப் பெரிய சட்டம்.

வியாழக்கிழமை கலா போன் செய்தாள். "அப்பா, மாமா ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்குத் தட்டோட வராரு. என்னா விஷயம்னு சொல்ல மாட்டேங்குறாரு" என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனைக் காணவில்லை.

கைப்பேசி அலமாரியில் அணைந்து கிடந்தது. அண்ணியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "ஒரு வேலையாப் போறேன். திங்கக்கெழமைக்கு அப்புறம் வந்துருவேன். யாரு வந்தாலும் கோப்பி குடு."

அன்று மதியத்துக்குள் எல்லா வாட்சாப் குழுக்களிலும் அண்ணன் கட்சி மாறியாகிவிட்டது. எந்த நட்சத்திர ஹோட்டலில் வைத்திருக்கிறார்கள், என்ன பதவி பேசியிருக்கிறார்கள் என்றெல்லாம் கதை கட்டிவிட்டார்கள். நிருபர்கள் சேவை மையத்தின் வாசலில் நின்றார்கள். பக்கத்துக் கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஒய்.பி. தாவிட்டாராமே, மெய்யா?"

"யாரு சொன்னா?"

"எல்லா குருப்புலயும் வந்துருச்சி லா."

சனிக்கிழமை கதவைத் திறக்கப் போனால், கேட்டில் கயிறு கட்டி ஒரு பச்சை பிளாஸ்டிக் தவளை தொங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அறுத்து ரோட்டில் எறிந்தேன். இவ்வளவு காலம் சேறும் சகதியுமாக நடந்து சேர்த்த பெயர் ஒரு பொம்மையில் போய் நிற்கிறதே என்று இருந்தது. ஒருவேளை உண்மையாகவே போய்விட்டாரோ என்ற பயமும் வந்தது. அண்ணி மட்டும் அசையவில்லை. வழக்கம்போலச் சமைத்தார், வழக்கம்போல விளக்கேற்றினார். "வந்துருவேன்னு சொன்னாரு, வந்துருவாரு" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் பெயரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். நானும் அங்கே இருந்தேன். கார் வாசலில் நின்றது. காருக்குள் பாத்தேக் சட்டை போட்ட இரண்டு ஆட்கள் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி மட்டும் தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"சம்பந்தி இல்லீங்களா?"

"இல்லீங்க, வெளியூரு போயிருக்காரு. ஒக்காருங்க, தண்ணி கலக்குறேன்" என்றார் அண்ணி.

அவர் உட்கார்ந்தார். தட்டை மடியிலேயே வைத்திருந்தார். எங்கே போனார், எப்போது வருவார், எதுவும் கேட்கவில்லை. கோப்பியை நிதானமாகக் குடித்தார். இன்னொரு கோப்பை கேட்டு வாங்கி அதையும் குடித்தார். பிறகு எழுந்து கும்பிட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்! கொண்டுவந்த தட்டைச் சம்பந்தி வீட்டில் வைக்காமல் போவதா? கார் திரும்பியதும் அண்ணி சோபாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். கணவர் காணாமல் போனதற்கு அழாதவர் இதற்கு அழுதார். "நம்ம பொண்ணு அந்த வீட்டுல இருக்காளேம்மா" என்றார்.

அன்று பிற்பகல் எனக்கு ஒரு போன் வந்தது. ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோறும் கறிக்குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை வைத்திருக்கும் பாய். அண்ணனும் அவரும் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"தங்கச்சி, ஒங்கண்ணன் இங்கதான் இருக்காரு. யாருகிட்டயும் சொல்லாதீங்க. வரும்போது வீட்டுச் சோறு கொஞ்சம் கொண்டாங்க, மனுஷன் வாழைப்பழமும் ரொட்டியுமா தின்னுக்கிட்டிருக்காரு."

பாலத்தைத் தாண்டி நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. கடையில் கூட்டம் நெரிந்தது. மாடிப்படி ஏறினால், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கயிற்றுக் கட்டிலில், கைலி கட்டிக்கொண்டு அண்ணன் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து ஆட்டுக்கறிக் குழம்பின் வாசம் ஏறிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து மீனைக்கூடத் தொடாத சைவர். ஊரெல்லாம் ஹோட்டல் ஹோட்டலாக அவரைத் தேடிக்கொண்டிருந்தது. நாசி கண்டார் கடை மாடியில் தேட வேண்டும் என்று எவருக்குத் தோன்றும்?

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தாவுறதா இருந்தா எங்ககிட்ட சொல்லிட்டுத் தாவுங்கண்ணே" என்றேன்.

"நானா? இந்த முட்டிய வெச்சிக்கிட்டா?" என்றார். பிறகு நாளிதழை மடித்தார். "வேற யாரு வந்து கேட்டாலும் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிருவேன். சம்பந்தி கேட்டா என்னால சொல்ல முடியாதும்மா. சரின்னு சொன்னா ஓட்டுப் போட்ட சனங்க மூஞ்சில முழிக்க முடியாது. அதான், அவரு கேக்குறப்ப நான் வீட்டுல இல்லாம இருந்துட்டா ரெண்டும் கெடாது."

"அவரு வந்துட்டுப் போயிட்டாருண்ணே. தட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

அண்ணன் முகம் சட்டென்று வாடிவிட்டது. "தட்டையுமா?" என்றார். நான் கொண்டுபோன சோற்றை அவர் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அன்று மாலையே பாய் தன் கடை வேனில் அண்ணனை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குக் கிளம்பினார். மறுநாள் வீட்டில் நாங்கள் தொலைக்காட்சியை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அண்ணன் வந்தார். கொஞ்சம் கசங்கிய வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. நேராக நடந்து, தன் பழைய நாற்காலியில், எப்போதும் உட்காரும் அணியோடு உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் எழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். அந்த வாரம் சேவை மையத்து வாசலில் யாரோ ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். தவளை கட்டியவராகத்தான் இருக்கும்.

பெயர் தப்பியது. ஆனால் முள் தங்கிவிட்டது. சம்பந்தி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அண்ணனும் பிறைக்குப் போகவில்லை. பேரப்பிள்ளையின் காதுகுத்துக்கு இருவரும் வந்தார்கள், ஒருவர் கிளம்பிய பிறகு மற்றவர். கலா மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு போய்வந்தாள். "வந்த மனுஷன வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்புடல. நானெல்லாம் என்னா பெரிய மனுஷன்" என்று அண்ணன் சாப்பிடும்போது சொல்லுவார். நாங்கள் என்ன சமாதானம் சொன்னாலும் காதில் ஏறாது.

அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் தரவில்லை. மூன்று நாள் காணாமல் போகிற ஆளை எப்படி நம்புவது என்றார்களாம். யாருக்காகக் காணாமல் போனாரோ அவர்களே சொன்னார்கள். நான் பொரிந்து தள்ளினேன். அண்ணி பாயசம் வைத்தார். "இனிமேலாவது அவரு எனக்கு மட்டும் ஒய்.பி.யா இருக்கட்டும்" என்றார். அண்ணன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு பதவி இல்லாத மனிதராகச் சாவு வீடுகளுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தார்.

சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்தது. ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு நான்தான் காரில் அழைத்துப் போவேன். முன்னாள் உறுப்பினர் என்று அவரை முன்னால் அழைத்தார்கள். வரிசையில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வரிசையில் இருந்தவர்களோ, "ஒய்.பி., நீங்க சீக்கிரம் போங்க லா, நீங்க பேசுறதக் கேட்டா எங்களுக்கு பிரஷர் ஏறுது" என்று விரட்டினார்கள். கடைசி மாதங்களில் சக்கர நாற்காலிதான்.

இனி நன்றி சொல்ல வேண்டும். சுத்திகரிப்பு மையத்தின் தாதியர் அண்ணனின் அறிவுரைகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஊசி போட்டார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. பத்தியச் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கும், கூடாரம் போடுவதிலிருந்து மின்சுடலை வரை கூட நின்ற கோயில் தொண்டர்களுக்கும் நன்றி. அவர்களில் சிலர் அன்று மேடையில் ஆடியவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

பாய்க்கு நன்றி என்று எழுதினால் அவர் என்னைத் திட்டுவார். ஆனால் சம்பந்தியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தவர் அவர்தான்.

அண்ணன் போவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு காலை நேரம். பாயின் வேன் வாசலில் நின்றது. பாய் இறங்கினார், பின்னால் சம்பந்தி இறங்கினார். நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் சம்பந்தி விறுவிறுவென்று உள்ளே வந்து, அண்ணனின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் முந்திக்கொண்டார்.

"சம்பந்தி, அன்னிக்கி நான் வீட்டுல இல்லாம..."

"இருங்க, நான் பேசிக்கிறேன்" என்றார் சம்பந்தி. "அன்னிக்கி ஒங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னால, காலையில பசியாற பாய் கடைக்குப் போனேன். ரொட்டிய பிச்சி வாயில வெக்கிறேன், மேலேருந்து பதிகம் கேக்குது."

அண்ணனின் காலைப் பதிகத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். சுருதியும் சேராது, சத்தமும் குறையாது. தலைமறைவாக இருந்த மனிதர், பள்ளிவாசல் சாலையில், கறிக்குழம்புக் கடை மாடியில், குளித்துத் திருநீறு பூசிப் பதிகம் பாடியிருக்கிறார்.

"நான் பாய்கிட்ட கேட்டேன், மேல யாரு பாடுறதுன்னு."

"நான் ரேடியோன்னேன்" என்றார் பாய்.

"ரேடியோ ரொம்பப் பழசு போலிருக்கேன்னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டேன். மாடி ஏறியிருந்தா ஒங்களப் பாத்திருப்பேன். பாத்திருந்தா கேட்டிருக்கணும், அதுக்கு முன்னாலயே வாக்குக் குடுத்துட்டேன். அதான் நீங்க வீட்டுல இல்லன்னு நல்லாத் தெரிஞ்சிக்கிட்டு, அந்த ரெண்டு ஆளையும் ஏத்திக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வந்தேன். அவனுங்க கண்ணு முன்னால போனேன், ஒக்காந்தேன், திரும்புனேன். அப்புறம் என்னையும் யாரும் ஒன்னும் சொல்ல முடியல."

அண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "தட்டு?" என்றார் மெல்ல.

"தட்ட வெச்சிட்டு வந்தா நீங்க வாங்குன மாதிரி ஆயிடாதா? ஒங்கள மாட்டிவிட்டுட்டு நான் மட்டும் தப்பிக்கிறதா? அதான் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ஆனா ஒங்ககிட்ட கேக்குறேன்னு அவனுங்களுக்கு வாக்குக் குடுத்தவன், எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இங்க திரும்ப வருவேன்?"

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெக்கப்பட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. இவரு வந்தது எனக்குத் தெரியும், ஆனா கெளம்பும்போது சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டாரு. அது அமானிதம், நம்பி ஒப்படைச்ச பேச்சு, நான் எப்படி வாயத் தொறக்குறது? நேத்துத்தான் இவருகிட்ட போயி, மனுஷன் ரொம்ப நாளு தாங்க மாட்டாரு, வாங்கன்னு சொன்னேன், இன்னிக்கி இழுத்துக்கிட்டு வந்தேன்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சம்பந்தியின் கையைப் பிடித்து, "ஒரு உபகாரம் செய்யணும். கொஞ்சம் வெளிய போங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி, "என்னங்க இது" என்று பதறினார்.

"கேட்டுக்கு அந்தாண்ட போயி நின்னுட்டுத் திரும்ப வாங்க. அன்னிக்கி விட்டுப்போனத நான் செய்யணும்."

சம்பந்தி எழுந்தார், செருப்பை மாட்டினார், கேட்டைத் தாண்டிப் போய் ரோட்டில் நின்றார். பாயும் கூடவே போய் நின்றார். அண்ணி ஓடிப்போய் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து அண்ணனுக்கு மாட்டிவிட்டார். நான் நாற்காலியை வாசல்வரை தள்ளினேன். சம்பந்தி கேட்டைத் திறந்துகொண்டு, விருந்தாளி போல நிதானமாக நடந்து வந்தார். அண்ணன் இரண்டு கைகளையும் சேர்த்தார். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கைகள், நெஞ்சுக்கு மேலே ஏறவில்லை.

"வாங்க சம்பந்தி, வாங்க."

"தட்டு கொண்டாரல" என்றார் சம்பந்தி. "ஆனா ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க. இன்னிக்கி எதையும் இல்லன்னு சொல்ல மாட்டேன். என்கிட்ட ஓட்டும் இல்ல."

"கோப்பி கெடைக்குமா? சம்பந்தியம்மா கையால குடிச்சி ரொம்ப நாளாச்சி."

அன்று அண்ணன் சிரித்த சிரிப்பை நாங்கள் எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கிறோம். அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கினார். அதற்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சாவு வீட்டில் வருகிறவர்களை வாங்க என்று அழைக்கக் கூடாது என்பது நம் வழக்கம். அண்ணன் போன அன்று கூடாரம் கொள்ளாத கூட்டம். சம்பந்தி கோடித் துணியை ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது நாங்கள் யாரும் வாங்க என்று சொல்லவில்லை. அவரும் தயங்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அவரிடம் முன்னமே சொல்லிவிட்டார்.

அண்ணனின் கடைசித் தங்கை,
குடும்பத்தார் அனைவர் சார்பிலும்